பட்டப்பகலில் எட்டு விளக்கு

“அந்த சுவிட்ச்ல கைய வைக்காத மா! நான்தான் ஃபர்ஸ்ட்டு பார்த்தேன்!”

சுகப்பிரியா திரும்பிப் பார்த்தாள். கோபிநாத் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டான்.

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் அலுவலக அறை. இன்டர்வியூவுக்குக் காத்திருந்தது அவர்கள் இருவர்தான். அவன் உள்ளூர், வடக்குப்பட்டுக்காரன். இவளுக்குச் சங்கரன்கோவில் பக்கம். காலையில்தான் அறிமுகம், அதற்குள் சண்டை.

“பார்த்தா என்னண்ணே? வெளிய வெயிலு கொளுத்துது, இங்க திரையை மூடிக்கிட்டு எட்டு லைட்டு எரியுது. அணைக்கப் போறேன், அதுக்கென்ன இப்போ?”

“அய்ய, இன்னா மா, வெவரம் புரியாத ஆளா கீறியே!” அவன் குரலைத் தாழ்த்தினான். “நாம வந்துருக்கறது கரண்ட்ட மிச்சம் புடிக்கிற வேலைக்கு. இங்க பாரு, நடுங்கற அளவுக்கு ஏசி. ஆளே இல்லாத மூலைல ஃபேனு. ஓடாத படத்துக்கு ப்ரொஜெக்டரு. இதான் டெஸ்ட்டு! வாட்ஸப்ல கதை கதையா வருதே, பார்த்ததில்ல? எவன் அணைக்கிறானோ அவனுக்குத்தான் வேலை.”

சுகப்பிரியாவுக்கு இந்த வேலை கிடைத்தே ஆகவேண்டும். கம்பெனி கம்பெனியாக கான்ட்ராக்டில் அசெம்பிளி லைனில் நின்று கால் வீங்கியதுதான் மிச்சம். நிரந்தர வேலை என்று கூப்பிட்டிருப்பது இந்த ஒரு இடம்தான். இதுவும் கைநழுவினால் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போதே மூட்டையையும் கட்டிக்கொண்டு போய்விட வேண்டியதுதான். இந்த வேலைக்காகவே, படப்பையில் தங்கியிருந்த அறையில் உட்கார்ந்து, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அரை கிலோவுக்கு மேல் நிலக்கரி எரிகிறது, அந்தப் புகைதான் உலகத்தையே சூடாக்குகிறது என்றெல்லாம் உருப்போட்டு வந்திருந்தாள்.

டக். ஏசியை அவன் அணைத்துவிட்டான்.

“ஏசி என் கணக்கு. நெனப்புல வச்சிக்க!”

இனி என்ன மரியாதை? அவள் பாய்ந்துபோய் எட்டு விளக்கையும் அணைத்தாள். அவன் ஃபேனுக்கு ஓட, அவள் ப்ரொஜெக்டருக்கு ஓடினாள். வெந்நீர் மெஷினின் பிளக்கை இரண்டு பேருமாகப் பிடித்து இழுத்தார்கள். பிறகு ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, வேர்க்க விறுவிறுக்க, பூனை மாதிரி வந்து உட்கார்ந்தார்கள்.

“கேட்டா உள்ளதச் சொல்லிரணும், என்ன? ஏசி நீங்க, லைட்டு நானு.”

“அத நான் சொல்லிக்கிறேன். நீ சும்மா இரு.”

கதவு படாரென்று திறந்தது. மூச்சு வாங்க நின்றாள் மோகனப்ரியா. மின்சாரப் பிரிவின் மேனேஜர் என்று கழுத்து அட்டை சொன்னது.

“யாரு இங்க எல்லாத்தையும் ஆஃப் பண்ணது?”

கோபிநாத் பெருமையாகக் கையைத் தூக்கப் போனான். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தக் கை தலையைச் சொறியப் போய்விட்டது.

“மொட்டை மாடியில புதுசா சோலார் போட்டிருக்கோம். இந்த பில்டிங் மொத்தத்தையும் அது தாங்குதான்னு இன்னிக்கு டெஸ்ட்டு! அதுக்காக வேணும்னே எல்லாத்தையும் ஓட விட்டிருக்கோம். நல்ல உச்சி வெயில்ல ரீடிங் எடுத்துட்டு இருக்கும்போது பொசுக்குனு இறங்குது. இனி மறுபடியும் மொதல்லேருந்து ஆரம்பிக்கணும்!”

“சத்தியமா நான் இல்ல மேடம்! எல்லாத்தையும் இவங்கதான் அணைச்சாங்க. வேணாம் வேணாம்னு நான் சொல்லிக்கினேதான் இருந்தேன்!”

சுகப்பிரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் தான் அணைத்ததை இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. வேலைதான் போய்விட்டதே, இனி என்ன பயம்?

“ஆமா மேடம், அணைச்சேன். சும்மா எரிஞ்சா எனக்கு மனசு கேக்காது. ‘அணைக்காதீங்க’ன்னு ஒரு சீட்டு ஒட்டியிருந்தா தொட்டிருக்கவே மாட்டேன்.”

மோகனப்ரியா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் தாக்குப்பிடிக்கவில்லை, சிரித்துவிட்டாள்.

“சீட்டு எதுக்கும்மா? இந்த ஆபீஸ்ல சுவிட்சை அணைக்கிற ஆளே கிடையாதுங்கற தைரியத்துலதானே டெஸ்ட்டையே வச்சோம்! அப்படி ஒரு ஆளைத் தேடித்தான் இன்னிக்கு இன்டர்வியூவே. தம்பி, எதையும் அணைக்காத நீங்க கிளம்பலாம். ஏம்மா, நீ எப்ப வந்து சேர்றே?”