முதல் முடுக்கில் கிளம்பிய வண்டி

சாவியை ஒரே முடுக்குதான். எஞ்சின் ஒரு தும்மல் தும்மிவிட்டுக் கிளம்பிவிட்டது.

"பார்த்தீங்களா மச்சான்! நாற்பது வருஷத்து லேண்ட் க்ரூசர். புது மாப்பிள்ளை மாதிரி குதிக்குது!" உள்ளே உட்கார்ந்திருந்த சோகி ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தான்.

வெளியே நின்ற பர்காய்க்குச் சிரிப்பு வரவில்லை. கெட்டுப்போன வண்டியைப் பாலைவனத்தில் போட்டுவிட்டுப் போனவர்களை அவன் நிறையப் பார்த்திருக்கிறான். நன்றாக ஓடுகிற வண்டியை விட்டுவிட்டு எவன் போவான்?

மைத்துனன் சோகிக்கு இதுதான் தொழில். பழைய ஜப்பான் வண்டிகளைத் தேடிப் பிடித்து, அவற்றுக்காக உயிரை விடும் திரிப்போலிப் பணக்காரர்களிடம் விற்பான். தெற்கு லிபியாவில் தங்கள் ஊரான கத்ரூனுக்குத் திரும்பும் வழியில், கிழக்குப் பாறைமேட்டிலிருந்து இந்த வெள்ளைக் கூரையை முதலில் பார்த்தவனும் அவன்தான். பாறையில் தங்கள் பிக்கப் இறங்காது என்பதால் இருவரும் மணலில் நடந்தே வந்திருந்தார்கள்.

"வட்ட விளக்கு அப்படியே இருக்கு. ஒரு பொட்டுத் துரு கிடையாது," என்றான் சோகி. "டேங்க்ல பெட்ரோல் இருக்கு, பின்னாடி மாவு மூட்டை இருக்கு, பேரீச்சம்பழம் இருக்கு. ஆளைத்தான் காணோம். அல்லாவாப் பார்த்துக் குடுத்தது. ஏறுங்க."

"ரத்தம் கித்தம் இருக்கா பாரு."

"ஒண்ணுமில்ல. பயந்தாங்கொள்ளி மச்சான் ஒருத்தர்தான் இருக்கார்."

பர்காய் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தான். சக்கரங்கள் புதையவில்லை. யாரும் மணலைத் தோண்டிய அடையாளமும் இல்லை. ஒரே ஓர் ஆளின் காலடித் தடம் மட்டும் மேற்கே போயிற்று. அத்தனை பெரிய வெளியில் எப்படி வேண்டுமானாலும் நடந்திருக்கலாம். அந்த ஆளோ வண்டி வந்த சக்கரத் தடத்துக்குள்ளேயே அடிமேல் அடி வைத்துப் போயிருந்தான்.

"யாரோ துரத்தியிருக்காங்க மாப்ளே. துரத்தினவங்க இங்கதான் எங்கேயோ பதுங்கியிருக்கணும். எனக்கு ஒண்ணும் சரியாப் படலை."

அவன் சொல்லி வாய் மூடவில்லை, மேற்கே மணல்மேட்டு உச்சியில் துப்பாக்கியோடு ஒருவன் முளைத்தான்.

எதையோ கத்தினான். எதிர்க்காற்றில் ஒரு சொல்லும் வந்து சேரவில்லை. துப்பாக்கியை வானத்துக்கு உயர்த்திச் சுட்டான். மறுபடியும் சுட்டான்.

"ஏறுங்க மச்சான்! நேரா முன்னால விட்டுடறேன்!" சோகி கியரைப் பிடித்தான்.

பர்காய் தோளிலிருந்த துப்பாக்கியை எடுத்துக் குறிவைத்தான். மேட்டில் நின்றவன் அதைக் கண்டும் பதுங்கவில்லை. தன் துப்பாக்கியைத் தூக்கி எறிந்துவிட்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தியபடி இறங்க ஆரம்பித்தான்.

"இதான் சமயம். ஒண்ணு சுடுங்க, இல்ல ஏறுங்க!"

"வெறுங்கையோட வர்றவனைச் சுடச் சொல்றியா?"

"அவன் வந்து சேர்ந்தா வண்டி போச்சு மச்சான்!"

"அவனோடதுன்னா போகட்டும்." பர்காய் ஜன்னல் வழியே கையை விட்டுச் சாவியைத் திருகி எடுத்தான். எஞ்சின் அடங்கியது.

"அக்கா முகத்துக்காகப் பார்க்கறேன்..." சோகி பல்லைக் கடித்தான்.

வந்தவர் ஐம்பதைத் தாண்டியவர். உதடு வெடித்திருந்தது. தலைப்பாகை அவிழ்ந்து தோளில் கிடந்தது. கயிற்றின் மேல் நடப்பவர் போலத் தரையைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார். பக்கத்தில் வந்தும் வண்டியின் பின்புறத்தை விட்டு இப்படி அப்படி நகரவில்லை.

"நாங்க திருடங்க இல்லீங்க," என்றான் பர்காய், முகத்தைப் பார்க்க முடியாமல். "ஆளில்லாத வண்டின்னு நினைச்சிட்டோம். இந்தாங்க, உங்க சாவி."

அவர் சாவியைப் பார்க்கவேயில்லை. பாறைமேட்டிலிருந்து வண்டிவரை மணலில் பதிந்திருந்த அவர்கள் இருவரின் காலடிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சாவி கிடக்கட்டும் தம்பி... இத்தனை கண்ணிவெடிக்கு நடுவுல நீங்க எப்படி உயிரோட நடந்து வந்தீங்க?"