மாடி அறைக்காரன்

“அவர் உங்களுக்கு உறவாம்மா?”

“இல்லப்பா. மாடி அறையில குடியிருக்கான், அவ்வளவுதான்.”

வெரிஃபிகேஷன்காரன் கைப்பேசியில் ‘உறவு இல்லை’ என்பதைத் தொட்டான். வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோகும் வேலைக்கு யார் மனு போட்டாலும், அவர்களுடைய யோக்கியதையை அக்கம்பக்கத்தில் விசாரித்து அனுப்புவதுதான் அவன் பிழைப்பு. அதுவும் நிரந்தரமில்லை. கூப்பிட்டால் உண்டு, இல்லாவிட்டால் வீட்டில் உட்கார்ந்து கொட்டாவி விடலாம். உறவுக்காரர் சாட்சி செல்லாது என்பது கம்பெனி சட்டம். பெற்ற தாய் தன் பிள்ளையைத் திருடன் என்றா சொல்வாள்?

ஜன்னலோரத் தையல் மெஷினில் பாதி தைத்த தலையணை உறை தொங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் நாற்காலியில் கிடந்த துணிகளை வாரி மடியில் போட்டுக்கொண்டு அவனை உட்காரச் சொன்னாள்.

“ஆள் எப்படிம்மா?”

“வாயே கிடையாது. வர்றதும் தெரியாது, போறதும் தெரியாது. குடிக்கிறதில்ல. எனக்குக் கண் ஆபரேஷன் ஆனப்போ வேளாவேளைக்கு மருந்து ஊத்தினது அவன்தான். மூட்டை தூக்கியே இடுப்பு போச்சு. இதுக்காவது மனு போடுடான்னு நான்தான் தள்ளிவிட்டேன்.”

“வீட்டுச் சாவி அவர்கிட்ட இருக்கா?”

“ஒண்ணு இருக்கு.”

இந்த அம்மாளின் வயதில் அவனுக்கும் ஒரு தாய் இருக்கிறாள், பகலெல்லாம் தனியாக. வாயை மூடிக்கொண்டு போக மனம் வரவில்லை.

“நான் இதைச் சொல்லக் கூடாதும்மா. இருந்தாலும் நீங்க தனியா இருக்கீங்க. அவர் ஜெயில்ல இருந்தவர்.”

“தெரியும்.”

“எதுக்குன்னு தெரியுமா? தெருச் சண்டையில ஒரு பையனை அடிச்சிருக்கார். அந்தப் பையன் செத்துட்டான்.”

“அதுவும் தெரியும்ப்பா.” மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். “வெளியே வந்ததும் வீடு கேட்டு நாயா அலைஞ்சான். ஒருத்தரும் கொடுக்கல. நான் கொடுத்தேன்.”

“பயமா இல்லையா?”

“முதல்ல கொஞ்ச நாள் தூக்கமே வரல. தலைக்கு மேல அவன் நடக்கிற சத்தம் கேட்டுக்கிட்டே கிடப்பேன்.”

“உங்களுக்கு ரொம்ப இளகின மனசும்மா.”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல,” என்றாள் வெடுக்கென்று.

அவன் யோசித்தான். இப்படிப்பட்ட ஆளுக்குச் ‘சம்மதம்’ போட்டுவிட்டு நாளைக்கு ஏதாவது ஆனால், முதலில் கிழிவது தன் சீட்டுதான். ‘வேண்டாம்’ என்று போட்டால் ஏன் என்று கேட்க நாதி இல்லை. கட்டைவிரல் தானாகவே சிவப்புப் பொத்தான் பக்கம் போயிற்று. அந்த அம்மாள் பார்த்துவிட்டாள்.

“வேண்டாம்னு போட்டுடாதப்பா. எத்தனையோ கம்பெனியில இதே பதில் வந்தாச்சு. ஒவ்வொரு தடவையும் சாப்பிடாம கொள்ளாம சுருண்டு படுத்துடறான். போன தடவை ரெண்டு நாளா கதவே திறக்கல. பக்கத்து வீட்டுக்காரங்களைக் கூப்பிட்டு உடைச்சுத்தான் வெளியே கொண்டுவந்தோம். இன்னொரு சாவைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்ல.”

சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. யாரோ ஒரு குடித்தனக்காரனுக்காக ஒருத்தி இப்படிக் கண் கலங்குவதை அவன் இந்தத் தொழிலில் பார்த்ததே இல்லை. சிவப்புப் பொத்தானிலிருந்து விரலை நகர்த்தினான்.

“கடைசிக் கேள்விம்மா. செத்துப்போன பையனோட வீட்டு ஆளுங்களால இவருக்கு மிரட்டல், பகை ஏதாவது இருக்கா? வேலை நேரத்துல யாராவது வந்து வம்பு பண்ணினா கம்பெனி பேர் கெட்டுடும்னு கேட்கச் சொல்றாங்க.”

அந்த அம்மாள் மடியில் இருந்த துணிகளை எடுத்துத் தையல் மெஷின் மேல் வைத்தாள்.

“பகை இருந்துது. இப்பவும் சில நாள் வரும்,” என்றாள். “ஆனா வம்பு பண்ண மாட்டேன்னு போட்டுக்கப்பா. அந்த வீட்டுல மிச்சம் இருக்கிறது நான் ஒருத்திதான்.”