பதினெட்டரை கிலோ

எட்டுப் பேரையும் ஒவ்வொருவராகத் தராசில் ஏற்றி இறக்கிக் கூட்டிப் பார்த்தால் ஐந்நூற்று முப்பத்தேழு கிலோ.

ஐந்நூறைத் தாண்டக்கூடாது. கயிறு இழுக்கும் போட்டியில் நாங்கள் பெயர் கொடுத்திருந்த பிரிவு அது.

நேற்று சாயங்காலம்தான் குடோன் தராசில் ஏறிப் பார்த்தோம். நானூற்றுத் தொண்ணூற்றெட்டு. விடிவதற்குள் முப்பத்தொன்பது கிலோ எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது? எங்களில் பாதிப் பேர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருந்தோம்.

நாங்கள் மூட்டை தூக்குகிற பெண்கள். ஒரு ஆள் முதுகில் ஐம்பது கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது சட்டம். குடோன் தராசு ஐம்பது காட்டினால்தான் மூட்டையின் வாயைத் தைப்பார்கள்.

எங்கள் மேஸ்திரியின் பெயரே தராசக்கா. பதினொரு வருஷமாகச் சுமக்கிறாள். மூட்டையைத் தூக்கிப் பார்த்து எடை சொல்வாள். பிறகு தராசில் வைத்தால் அதுவும் அதையே சொல்லும். அரைக் கிலோ பிசகாது.

தேசியக் கூட்டமைப்பு எங்களை ஒரு சங்கமாகப் பதிந்து ஏழு மாதம் ஆகிறது. கயிறு இரவல் கொடுத்தது. ஏற்கெனவே யாரோ போட்டுத் தேய்த்த பூட்ஸ் எட்டு ஜோடி கொடுத்தது. விழுந்து எதையாவது உடைத்துக்கொண்டால் வைத்தியம் பார்க்க ஆளுக்கொரு அட்டை. போட்டிக்கு வராத சங்கத்திடமிருந்து கயிற்றைத் திரும்ப வாங்கிவிடுவார்கள். ஜெயித்த சங்கத்துக்குத் தேசியப் போட்டி. போய் வர, தங்க, எல்லாம் அவர்கள் பொறுப்பு. எங்களில் ஆறு பேர் ரயிலில் கால் வைத்ததில்லை.

எடை பார்த்த நடுவர் மற்ற நாளில் பஸ் கண்டக்டர். லீவு நாளில் சம்பளமில்லாமல் கூட்டமைப்புக்கு உழைக்கிறவர். டிக்கெட் எடுக்காத ஆளைப் பார்ப்பது போல எங்களைப் பார்த்தார்.

இந்தத் தராசு தப்பு என்றாள் தராசக்கா.

அவர் கோபப்படவில்லை. சந்தேகம் என்றால் சோதித்துக் காட்ட வேண்டும், அதுதான் விதி என்றார். வேனுக்குப் போய் ஒரு மரப்பெட்டியைத் தூக்கிவந்தார். உள்ளே இரும்புப் படிக்கல், அரசாங்க முத்திரை குத்தியது, இருபது கிலோ. தராசில் வைத்தார். முள் இருபதில் போய் நின்றது.

அக்கா விடவில்லை. படிக்கல்லை ஒற்றைக் கையால் தூக்கினாள். கண்ணை மூடி ஒரு தடவை ஏற்றி இறக்கினாள்.

"இது இருபது இல்ல சார். பதினெட்டரை."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இந்தக் கையை ஒரு நாளைக்கு இரவல் கொடுத்தால் காய்கறிக் கடைக்காரனை ஒரு கை பார்த்துவிடலாம் என்றாள் ஒருத்தி. கண்டக்டர் முத்திரையைத் திருப்பிக் காட்டினார். அக்காவின் முகம் செத்துப்போயிற்று. அந்தக் கை பொய் சொல்லி நாங்கள் பார்த்ததே இல்லை.

அவர் எங்கள் சீட்டைக் கிழித்துப் போட்டிருக்கலாம். விரலை எச்சில் தொட்டு விதிப்புத்தகத்தைப் புரட்டினார். ஐந்நூற்று நாற்பது கிலோப் பிரிவில் ஓர் அணி வரவில்லை, இடம் காலி. மேலே ஏறிக்கொள்கிறீர்களா, இப்படியே இறங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டார்.

ஏறிக்கொண்டோம்.

அந்தப் பிரிவில் இழுத்தவர்களைப் பார்த்ததும் எங்களில் சின்னவளான சுண்டெலி, கக்கூஸ் எங்கே என்று விசாரித்தாள். ஜிம்முக்குப் போய்த் தோளை வளர்த்த பெண்கள் ஒரு பக்கம். போலீஸ்காரிகள் ஒரு பக்கம். ஒவ்வொருத்தியும் ஒரு கதவு.

கடைசி ஆள் நான். கயிறு என் உடம்பைச் சுற்றித்தான் முடியும். அறுந்தாலும் விழுந்தாலும் முதல் அடி எனக்கு.

விசில் ஊதியது. குதிகாலை மண்ணில் இறக்கிச் சாய்ந்தோம். மூட்டைக்குக் கீழே குனிகிற இடுப்பு, அதே இடுப்பு, இப்போது பின்பக்கம். எதிர்ப்பக்கம் இழுக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் இழுக்கிறவர்கள் எங்கேயோ தள்ளி நின்று இழுப்பது போல இருந்தது.

கயிறு லேசாக இருந்தது.

போடு, போடு என்று முன்னால் அக்கா குரல் கொடுத்தாள். லாரியில் ஏற்றும்போது கொடுக்கிற அதே குரல். ஜிம்முக்காரிகள் இரண்டு இழுப்பில் வந்துவிட்டார்கள். இறுதிப் போட்டியில் போலீஸ் அணி முதல் இழுப்பில் கொஞ்சம் முரண்டு பிடித்தது. இரண்டாவதில் அதுவும் இல்லை. கயிற்றின் நடுவில் கட்டியிருந்த வெள்ளைத் துணி நாய்க்குட்டி மாதிரி எங்களைப் பார்த்து ஓடிவந்தது.

சுண்டெலி மண்ணில் மல்லாந்து கிடந்தபடி சிரித்தாள். கண்டக்டர் தேசியப் போட்டிக்கான சீட்டில் எங்கள் எட்டுப் பேரின் பெயரையும் எழுதினார். ஜன்னல் ஓர இருக்கை கிடைக்குமா என்று அவள் படுத்துக்கொண்டே கேட்டாள். போலீஸ்காரிகளே வந்து கை கொடுத்தார்கள். ஒருத்தி என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, எந்த ஜிம் என்று கேட்டாள்.

மெடல் போட அக்காவைத் தேடினோம். காணோம்.

வேனுக்குப் பின்னால் நின்றிருந்தாள். மரப்பெட்டி திறந்து கிடந்தது. படிக்கல்லைக் கையில் வைத்து ஏற்றினாள், இறக்கினாள். மறுபடி ஏற்றினாள். உதடு மட்டும் எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

அந்தக் கை எடை பழகியதே குடோன் தராசில்தான். கயிறு ஏன் அவ்வளவு லேசாக இருந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கண்டக்டர் மெடலோடு வந்தார். அவள் கழுத்தை நீட்டவில்லை.

"சார், இதை எங்க குடோன் தராசுல ஒரு தடவை வச்சுப் பாக்கணும். திங்கக்கிழமை கொண்டு வர முடியுமா?"