நாலாவது உறை

"போர்வைக்கு உறை போடுறதெல்லாம் இவருதான். எனக்கு அந்த வேலையே ஆகாது."

அந்த அம்மா சொன்னதைக் கேட்டு விற்பனைப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்தில் நின்ற கணவரின் வலது கை தோளிலிருந்து அப்படியே தொங்கியது. பக்கவாதம் வந்த கை என்று பார்த்ததுமே தெரிந்தது.

மதிய நேரம். கடையில் கூட வேலை பார்க்கும் பெரியவர் சாப்பிடப் போயிருந்தார். போகும்போது நாலு உறைகளை மேஜையில் அடுக்கி, "ஒரு அம்மா வீட்டுக்காரரோட வருவாங்க. மேலேருந்து ஒவ்வொண்ணா காட்டு. வரிசையை மாத்திடாதே" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். என்னமோ வைர நெக்லஸ் விற்கிற மாதிரி!

பஞ்சுப் போர்வையைத் தேர்ந்தெடுப்பதில் தகராறே இல்லை. அந்த அம்மா கட்டில் அளவைச் சீட்டில் எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

"ரெண்டு பக்கமும் ஒரு முழம் தொங்கணும்மா. இல்லேன்னா விடிய விடிய இழுபறிதான்."

"இழுக்கிறது யாருன்னும் சொல்லேன்" என்றார் கணவர்.

கனமானதை அவரே ஒதுக்கினார். கனம் குறைவாக, ஆனால் கதகதப்பாக இருந்த ஒன்றைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அதுவரைக்கும் எல்லாம் சரி.

"இப்ப உறை. இங்கேயே போட்டுப் பாருங்க" என்றார் அந்த அம்மா, கடையில் காட்சிக்குப் போட்டிருந்த கட்டிலைக் காட்டி.

கணவரின் முகம் சுருங்கிவிட்டது. "என்னால ஆகாதுன்னு தெரியுமில்ல? ஆறு மாசமா ஒரு டம்ளரைக்கூட ஒழுங்கா எடுத்து வைக்க முடியலை."

"அதுக்காக? முப்பது வருஷமா நீங்க போட்ட உறையிலதான் நான் தூங்கியிருக்கேன். திடீர்னு என் தலையில கட்டினா எப்படி?"

விற்பனைப் பெண்ணுக்குச் சுருக்கென்றது. இப்படியும் ஒரு பொம்பளையா!

முதல் உறையில் ஏழு சின்னப் பட்டன்கள். இடது கையால் இரண்டைப் போடுவதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. மூன்றாவது பட்டன் விரலிலிருந்து வழுக்கிக்கொண்டே இருந்தது.

இரண்டாவதில், போர்வை நகராமல் இருக்க உள்ளே நாலு மூலையிலும் நாடா. ஒரு நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு முடிச்சுப் போடப் பார்த்தார். முடிச்சு விழவில்லை. ஓடிப்போய் நாடாவைப் பிடித்தாள் விற்பனைப் பெண்.

"நீ விடும்மா" என்று அதட்டினார் அந்த அம்மா. கையைக் கட்டிக்கொண்டு தூணோரம் நின்றவர், நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

மூன்றாவது, ஜிப் வைத்தது. பாதியில் துணியைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. உள்ளே போர்வை ஒரு மூலையில் உருண்டு கிடந்தது. அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்ததை மறைக்க, சுவரைப் பார்த்தார்.

பில் போடும் பெண், "இவங்களுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?" என்று முணுமுணுத்தாள்.

"சரி, எழுந்திருங்க. உங்களால முடியாதுதான். போகலாம்" என்றார் அந்த அம்மா.

அவ்வளவுதான். கணவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"இன்னொண்ணு இருக்கே? அதைக் காட்டும்மா!"

நாலாவது உறை மூன்று பக்கமும் திறந்துகொண்டது. கட்டிலில் விரித்து, மேலே போர்வையைப் பரப்பி, மேல்துணியை இழுத்து மூடினால் போதும். ஓரமெல்லாம் பெரிய பெரிய அழுத்து பட்டன்கள். உள்ளங்கையால் மெத்தையோடு வைத்து ஒரு அழுத்து, டக். இன்னொன்று, டக்.

கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசிப் பட்டனை அழுத்திவிட்டு, உறையை இடது கையால் நீவினார். அளவு கச்சிதம். ஒரு சுருக்கம் இல்லை.

"எப்படி?" என்றார். குரலே மாறிவிட்டிருந்தது.

"என்னவோ, பரவாயில்லை. பழைய நேர்த்தி வரலை" என்றார் அந்த அம்மா.

"வரும்டி! ரெண்டு தடவை போட்டா வந்துடும். நீ இதைத் தொடக்கூடாது, சொல்லிட்டேன்."

பணம் கட்டியதும் ஆட்டோ பார்க்கக் கணவர் முன்னால் போனார். விற்பனைப் பெண்ணால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. ஒரு முனையையாவது நீங்க பிடிச்சிருக்கலாம்."

அந்த அம்மா பையை எடுத்துக்கொண்டார். "ஒரு தடவை பிடிச்சா காலம் பூரா நான்தான் பிடிக்கணும்" என்றபடி வெளியே போய்விட்டார்.

"கேட்டியா பேச்சை! கல் நெஞ்சு" என்றாள் பில் போடும் பெண்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே பெரியவர் வந்தார். கட்டிலில் கிடந்த மூன்று உறைகளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "நாலாவதுதானே எடுத்தாங்க?"

"உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?"

"நேத்து அந்த அம்மா தனியா வந்திருந்தாங்க. என்கிட்ட ரிப்பன் வாங்கி, தன் வலது கையை இடுப்போட சேர்த்துக் கட்டச் சொன்னாங்க. கடையில இருக்கிற அத்தனை உறையையும் இடது கையாலேயே போட்டுப் பார்த்தாங்க. சாயங்காலம் வரைக்கும். அது ஒண்ணுதான் சரியா வந்தது."

கலைந்து கிடந்த உறைகளை மடிக்கக் குனிந்த விற்பனைப் பெண், ஏதோ தோன்றியவளாக நிமிர்ந்தாள்.

"அப்ப எதுக்குண்ணே இந்த மூணையும் காட்டச் சொன்னாங்க? பாவம், எவ்வளவு தவிச்சுப்போயிட்டாரு!"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'முதல்லயே முடிஞ்சிட்டா, அவருக்காக நான் முன்னாடியே பார்த்து வெச்சதுன்னு கண்டுபிடிச்சிடுவாரு. மூணுல தோத்துட்டு நாலாவதுல அவரே ஜெயிக்கட்டும்'னாங்க."