கோல் அடித்தவர்: ட்ரயலிஸ்ட்

“கோல்! அடித்தவர், ட்ரயலிஸ்ட்!” என்றது ஒலிபெருக்கி.

கிர்க்மோர் மைதானத்தின் தகரக் கூரைக்குக் கீழே நின்றிருந்த நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

சோதனைக்காக ஓர் ஆட்டம் ஆட வருகிறவனின் பெயரை வெளியே சொல்லாமல் இருப்பது எங்கள் ஊர்க் கால்பந்தில் கீழ் டிவிஷன்களின் வழக்கம். அவன் வேறொரு கிளப்பின் ஆளாக இருப்பான். இல்லையென்றால் முதுகுவலி என்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருப்பான். எதற்கு வம்பு என்று ‘ட்ரயலிஸ்ட்’ என்றே அறிவித்துவிடுவார்கள்.

ஆனால் கிரேம் யூலை எங்களுக்குத் தெரியாதா? பதினோரு வருடம் எங்கள் ஸ்ட்ரைக்கர். வார நாட்களில் தபால்காரன். ஊரில் பாதி நாய்கள் அவனைக் கடித்திருக்கின்றன.

போன வசந்தத்தில் அவனுக்கு முழங்கால் போனது. மேனேஜர் டூகி பெவரிட்ஜ் உடனே கழற்றிவிட்டார். அப்போது கிரேம் கிளப்புக்காக அடித்திருந்த கோல்களும், டூகி தன் காலத்தில் அடித்திருந்த கோல்களும் சரிசமம். இன்னும் ஒன்று அடித்தால், கிளப்பிலேயே அதிகக் கோல் அடித்தவர் என்ற டூகியின் சாதனை போய்விடும். அந்த ஒன்றுக்குப் பயந்துதான் முழங்காலைச் சாக்காக வைத்து அனுப்பிவிட்டார் என்று ஊரே பேசியது. மனிதருக்கு அந்தச் சாதனைதான் சோறு போடுகிறது. அதனால்தான் மேனேஜர் ஆனார், மைதானத்து மதுக்கூடத்துக்கே அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

இந்தச் சனிக்கிழமை அவருக்கு வேறு வழியில்லை. ஒரு ஸ்ட்ரைக்கர் கூரை வேலையில் ஏணியிலிருந்து விழுந்துவிட்டான். இன்னொருவனுக்குக் கல்யாணம். கிரேமைக் கூப்பிட்டார், ட்ரயலிஸ்டாக.

ட்ரயலிஸ்ட் அடிக்கும் கோல் யார் கணக்கிலும் ஏறாது. பிறகு கிளப் அவனை ஒப்பந்தம் செய்துகொண்டால் மட்டும் எங்கள் ஊரில் அதைச் சேர்த்துக்கொள்வார்கள்.

அதனால்தான் கோல் அடித்த கிரேம் கையைத் தூக்கவில்லை, ஓடவில்லை. நின்ற இடத்திலிருந்து டூகியைப் பார்த்தான். டூகி குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார். அவிழாத லேஸ்.

“யோவ் டூகி! உன் புள்ளைங்களுக்காச்சும் பேரு வச்சியா, இல்ல அதுங்களும் ட்ரயலிஸ்ட்தானா?” என்று என் பக்கத்தில் ஒருவன் கத்தினான்.

அந்த ஒரே கோலில் வென்றோம்.

ஆட்டம் முடிந்ததும் உடைமாற்றும் அறை வாசலில், எல்லோர் காதிலும் விழும்படி, டூகி அவன் தோளில் கை வைத்தார்.

“பிரமாதமா ஆடினே தம்பி. ஆனா அந்த முட்டி தாங்காதுடா. மனசுல வச்சுக்காதே. கேன்டீன்ல போய்ச் சூடா ஒரு கப் மாட்டுக்கறிச் சாறு குடி, நான் சொன்னேன்னு சொல்லு, காசு கேக்கமாட்டாங்க.”

கிரேம் சாறு குடிக்கப் போகவில்லை. தகரக் கூரைக்குக் கீழே நேராக என்னிடம் வந்தான். நெற்றியில் சேறு காய்ந்திருந்தது.

“வில்லி அண்ணே, டூகியும் மொத கோலை ட்ரயலிஸ்டாத்தான் அடிச்சாரு, இல்ல? அன்னிக்கு ஒரே கடல்பனி, அடிச்சது யாருன்னே சரியாத் தெரியலன்னு எங்கப்பா சொல்வாரு. நீங்க அன்னிக்கு இங்கதான் இருந்தீங்களாமே. அது நெசமாவே அவரு அடிச்சதுதானா?”

அவன் என்ன கேட்கிறான் என்று எனக்குப் புரியாமல் இல்லை. அந்த ஒன்று டூகியுடையது இல்லையென்றால், சாதனை எப்போதோ கிரேமுடையதாகிவிட்டது. முப்பத்து மூன்று வயது ஆள், சின்னப்பிள்ளை மாதிரி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். பாவமாகத்தான் இருந்தது.

“கிட்டக்க நின்னு பாத்தவன்டா நான். டூகிதான். தலையால முட்டினான். சந்தேகமே வேணாம், போ.”

“சரிண்ணே,” என்றான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நொண்டி நொண்டிப் போனான். இனி எந்தக் கிளப்பும் அவனைக் கூப்பிடாது.

அந்தக் கடல்பனி நாளில் எங்கள் பக்கம் ஆடிய ட்ரயலிஸ்டுகள் இரண்டு பேர். இரண்டு பேருக்குமே செம்பட்டை முடி. கடல்பனி கோல் கம்பம் வரைக்கும் வந்து அப்பிக்கொண்டிருந்தது. பந்தை முட்டியவன் அந்த வேகத்திலேயே சேற்றில் குப்புற விழுந்தான். வாய் நிறைய சேறு. துப்பிவிட்டு எழுந்து பார்த்தால், டூகி இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு பனிக்குள் ஓடிக்கொண்டிருந்தான். அணி முழுக்க அவன் மேல் போய் விழுந்தது.

ஒலிபெருக்கி ‘ட்ரயலிஸ்ட்’ என்று சொன்னதோடு சரி. திங்கட்கிழமை, கோல் அடித்தவன் என்று டூகியை ஒப்பந்தம் செய்தார்கள். மற்றவனை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. அவன் யார் என்று இன்று இங்கே ஒருவருக்கும் நினைவில்லை.

வாயில் சேற்றோடு கிடந்தவன் நான்தான்.

கிரேமிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் டூகியின் கணக்கில் ஒன்று குறைந்திருக்கும். என் கணக்கில் ஏறியிருக்காது. ஒப்பந்தமே ஆகாதவனுக்குக் கணக்கு ஏது? இப்போது டூகியின் பெயரிலாவது அது இருக்கிறது. அவருடைய கோல்களின் எண்ணிக்கையைச் சொல்லி ஊர் கைதட்டும்போதெல்லாம், அதில் ஒரு கைதட்டல் எனக்கு.

என் வாழ்நாளில் நான் அடித்தது அது ஒன்றுதான். அதைப் போய் அவனுக்காக அழிப்பேனா?