பள்ளம் பத்தாது

ஈப்போ நகரத்திலிருந்து புதிய குட்டி ஜீப்பை ரப்பர் தோட்டத்துச் செம்மண் பாதைக்கே ஓட்டி வந்திருந்தார் விற்பனையாளர் டொமினிக். பக்கத்து இருக்கையில், வண்டியை ஓட்டிக் காட்ட வரச்சொன்ன சீனி.

“நாலு சக்கரமும் இழுக்கும், அண்ணே. எந்தச் சேத்துலயும் மாட்டாது.”

“அந்தப் பள்ளத்துல எறக்குங்க, பாப்போம்லா.”

முழங்கால் ஆழச் சேறு. டொமினிக் ஃபோர் வீலைப் போட்டார். ஜீப் உறுமிக்கொண்டு கரையேறியது.

“இன்னொரு தடவை!”

மறுபடியும் ஏறியது. சீனியின் முகம் தொங்கிப்போனது.

“வண்டி பிடிக்கலையா, அண்ணே?”

“வண்டி பாகுஸ்லா, ரொம்ப நல்லாருக்கு! பள்ளம்தான் பத்தாது.”

“என்னது?”

ரப்பர் மரத்தடியில் இழுவைச் சங்கிலியோடு நின்ற டிராக்டரைக் காட்டினார் சீனி.

“மாட்டுற காரை இழுத்துவிட்டுத்தான் என் பொழப்பே ஓடுது. இனிமே இந்த மாதிரி வண்டியெல்லாம் வருமே... இன்னும் ரெண்டடி வெட்டணும். மம்பட்டி இருக்கா?”