ராயப்பன் தள்ளிய படம்

"இந்தப் படம் கூடாது. நம்ம ஜனம் யாரும் கொட்டாய்ப் பக்கமே போவாதீங்க."

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, கோயில் வாசலில் நின்றுகொண்டு ராயப்பன் வாத்தியார் போன வாரம் சொன்னதையே மறுபடியும் சொன்னதும் கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. சித்தூர் டெண்ட் கொட்டகைக்கு எந்தப் படம் வந்தாலும் முதல் ஆட்டமே போய்விடுவார். கத்தோலிக்கக் குடும்பங்கள் அதைப் பார்க்கலாமா, கூடாதா என்று சொல்வது அவர் வேலை. பங்குச் சாமியாரே பார்த்துக் கொடுத்த வேலை.

பொல்லாத கறார் மனிதர். கதாநாயகி மழையில் நனைந்தாள் என்று ஒரு படத்தைத் தள்ளினார். திருடன் சிலுவை போட்டுக்கொண்டு திருடப் போனான் என்று இன்னொன்றைத் தள்ளினார். சித்தூர் ஆந்திராவோடு போனது, ஆபீஸ் போர்டெல்லாம் தெலுங்குக்கு மாறியது, அவர் கறார் மட்டும் மாறவில்லை.

ஆனால் இது அண்ணன் தங்கை படம். திருப்பதியில் பார்த்துவிட்டு வந்தவர்கள், பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள் என்று சொன்ன படம்.

"அதுல இன்னா தப்பு வாத்தியாரே?" என்று சவரியம்மா கேட்டே விட்டாள்.

"கூடாதுன்னா கூடாது. அவ்ளோதான்."

வாத்தியாரின் மனைவி ஆரோக்கியம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். பாவம், அவள் பேச்சே நின்றுபோய் ஆறேழு மாதமாகிறது. ஒரே மகன் சூசை, வடக்கே அணை கட்டும் வேலைக்குப் போனவன், பாறை சரிந்து செத்துப்போனான். அங்கேயே புதைத்துவிட்டார்கள். பெற்றவர்கள் கடைசியாக முகம் பார்க்கவில்லை. வீட்டில் அவன் போட்டோகூட ஒன்று கிடையாது.

மத்தியானம் சாமியார் வாத்தியாரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஆரோக்கியத்துக்கு உடம்பு சரியில்லையா? சாயந்திர ஜெபமாலைக்கு இந்த வாரம் ஆளையே காணோமே."

"நல்லாத்தான் இருக்கா சாமி."

"சரி, விஷயத்துக்கு வர்றேன். கொட்டகைக்கார ஏகாம்பரம் வந்து சண்டை போட்டுட்டுப் போறான். ஊரைப் போகாதேங்கிற, நீ மட்டும் தினமும் டிக்கெட் வாங்கிட்டு உள்ள போறியாமே. என்ன ராயப்பா இது?"

வாத்தியார் தலை குனிந்தார். சாமியாரிடம் அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"நான் படம் பாக்கல சாமி. அதுல இன்னா கதைன்னே எனக்குத் தெரியாது. படத்துக்கு முன்னாடி நியூஸ் ரீல் போடறாங்க. மந்திரி அணையப் பாக்க வராரு. கல்லு சொமக்கறவங்க வரிசையாப் போறாங்க. அந்த வரிசையில எம் பையன் போறான் சாமி. தலையில கல்ல வெச்சிக்கினு, இப்பிடித் திரும்பிப் பாத்து சிரிக்கறான்."

சாமியார் கையிலிருந்த ஜெபப் புத்தகத்தை மூடி வைத்தார்.

"அவன் சிரிச்சிட்டுப் போனதும் நானும் எழுந்து வந்துடுவேன். நம்ம ஜனம் யாராவது பாத்தா அடையாளம் கண்டுக்கினு ஆரோக்கியத்துகிட்ட வந்து சொல்லிடுவாங்க. அவ போய்ப் பாத்தா தாங்க மாட்டா சாமி, செத்துப்போயிடுவா. அதான் எல்லாருக்கும் கூடாதுன்னுட்டேன். பாவம் படத்துல இல்ல, எம்மேலதான்."

வாத்தியார் சின்னப் பிள்ளை மாதிரி விசும்பினார். சாமியார் அவர் தோளைத் தொட்டு, "போய்ட்டு வா ராயப்பா" என்று மட்டும் சொன்னார்.

வெயில் இறங்கியது. வீட்டில் ஆரோக்கியம் அதற்குள் சோறு வடித்து, முகம் கழுவி, தலை வாரி முடித்திருந்தாள். வாத்தியார் வழக்கம்போல அவள் முகத்தைப் பார்க்காமல் சட்டையை மாட்டினார்.

"டியூஷன் இருக்குது. நீ ஜெபமாலைக்குப் போய்ட்டு வந்து துன்னுட்டுப் படு. நான் வர நேரமாவும்."

ஆரோக்கியம் அவர் பின்னாலேயே வெளியே வந்து, கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நாளைக்குப் படப் பொட்டியக் காளஹஸ்திக்குக் கொண்டு போயிடறாங்களாம், வெரசா நடங்க. பொம்பளைங்க பக்கம் முன்னாடி எடம் புடிச்சாதான் எனக்குச் சூசை மொகம் நல்லாத் தெரியுது."